அம்மா என்கிற இடத்தில்

எரர் வரவில்லை. வந்திருந்தால் காலையிலேயே பிடித்திருப்பேன். திரையின் அடியில் சிவப்பாக ஒரு வரி விழுந்திருக்கும், நீங்கள் கேட்ட பொருள் அந்தப் பாதையில் இல்லை என்று, நானும் என்ன ஏது என்று போய்ப் பார்த்திருப்பேன். ஒரு வரியும் விழவில்லை. எல்லாம் பச்சை, எல்லாரும் நலம். சாப்பாட்டுக்கு முன்னால் ஓட்டிப் பார்த்தபோது அம்மா கூடத்துக்குள் நடந்து வந்தாள், குனிந்தாள், குழந்தையின் தாடையை இடது கையால் தூக்கினாள், வலது கையைப் பொட்டு வைக்கக் கொண்டுபோனாள், விரல் நெற்றிக்கு நாலு விரற்கடை முன்னாலேயே நின்று காற்றுக்குப் பொட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்தது. கை ஏன் எட்டவில்லை என்றுதான் முதலில் யோசித்தேன். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். அம்மா வேறு ஆள். மூக்கு சின்னது, இடுப்பு சின்னது, புடவை போய் சுடிதார் வந்திருக்கிறது, நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு. சேனல்காரர்கள் கார்ட்டூன் தொடரைப் புதுப்பிக்கும்போது அம்மாவையும் புதுசாக்கச் சொல்லிவிட்டார்களாம், போன வாரமே முடிவாம், எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. பக்கத்து சீட்டு ஃபைசல் பழைய அம்மாவை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, அதே இடத்தில் அதே பேரில் இவளை வைத்திருக்கிறான். பேரை மாற்றியிருந்தால்கூட எரர் வந்திருக்கும். "மாத்தல மேடம், மாத்தினா உங்க ஸ்கிரிப்ட் எல்லாம் உடைஞ்சிடுமேன்னுதான்" என்று பவ்யமாகச் சொன்னான், எனக்கு ஏதோ உபகாரம் செய்த மாதிரி. இப்போது ஃபைலை மூடித் திரும்பத் திறந்திருக்கிறேன். நகர்வேனா என்கிறது. பெரிய ஃபைல், வீடு முழுக்க சாமான், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இலை இலையாக, அத்தனையும் ஏறி வர நேரமாகும், அதுவரை திரையில் ஒரு நீலக் கோடு ஊர்ந்துகொண்டிருக்கும், நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், போனைப் பார்க்கக் கூடாது, போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

போனில் இருப்பது பத்திரிகை. என் பெண் நிறைமதியின் கல்யாணப் பத்திரிகை, பிரஸ்காரன் அனுப்பிய மாதிரிப் படிவம். அவளுடைய அப்பா குரூப்பில் போட்டிருக்கிறார், நாலு மணிக்குள் எல்லாரும் பார்த்துச் சொல்லிவிட வேண்டும், நாலுக்கு மேல் அச்சுக்குப் போய்விடும் என்று. எல்லாரும் என்றால் அவர், நிறைமதி, நான். பார்த்துவிட்டேன். இன்னொரு தடவை பார்க்கத் தேவையில்லை, கண்ணை மூடினாலும் எழுத்து எழுத்தாக நிற்கிறது. காஞ்சிபுரம் அமரர் வேதாசலம் முதலியார் அவர்களின் பேத்தியும், திரு & திருமதி ஞானசேகரன் அவர்களின் மகளுமாகிய. அவ்வளவுதான். பேத்தி, அதற்குள் மகள், தாத்தாவிலிருந்து இறங்கி அப்பா வழியாகப் பெண்ணுக்கு, நான் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் எழுதுகிற பாதைக்கும் இதற்கும் நடுவில் போடுகிற சாய்கோடு ஒன்றுதான் பாக்கி. அதில் அம்மா என்கிற இடத்துக்கு ஒரு பேர் கிடையாது. திருமதி ஞானசேகரன். யார் அது? பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நான். இன்றைக்குக் கேட்டால் போரூரில் அவரோடு இருக்கிற ஷோபனா. வார்த்தை மாறவில்லை, கமா மாறவில்லை, ஆள் மட்டும் மாறிவிட்டது. அந்த மனுஷனுக்கு என் வேலையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, கூட இருந்த காலம் முழுக்க நான் ஏதோ பெயின்ட் அடிக்கிறேன் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் ஃபைசல் செய்ததை அவர் எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறார் பாருங்கள்.

நீலக் கோடு பாதியில் நிற்கிறது. வேப்பமரமாக இருக்கும். நான் இந்த ஸ்டூடியோவில் பொம்மைகளுக்குள்ளே எலும்பு கட்டுகிறவள், எந்த அசைவு எந்தப் பொம்மையின் எந்த உறுப்புக்குப் போக வேண்டும் என்று எழுதி வைக்கிறவள். எழுதும்போது ஆளைத் தொட்டுக் காட்ட முடியாது, விலாசம்தான் கொடுக்க வேண்டும். உலகம், அதற்குள் வீடு, வீட்டுக்குள் கூடம், கூடத்துக்குள் அம்மா, அம்மாவுக்குள் வலது கை. அந்தப் பாதையில் போய் அங்கே யார் நிற்கிறார்களோ அவர்களுக்கு அசைவைக் கொடுத்துவிட்டு வந்துவிடும், நீ யாரம்மா, முந்தி இருந்தவள்தானா என்றெல்லாம் விசாரிக்காது. இத்தனைக்கும் ஒவ்வொரு பொம்மைக்கும் செய்த அன்றைக்கே ஒரு எண் விழுந்துவிடும், பேரை மாற்று, இடத்தை மாற்று, வேறொரு குடும்பத்துக்குக் கீழே கொண்டுபோய்ச் சொருகு, அந்த எண் சாகும்வரை மாறாது. அதை வைத்துக் கூப்பிட்டால் தப்பே வராது. நம்பர வச்சுப் பிடிக்கலாமே மேடம் என்று ஃபைசலே கேட்டிருக்கிறான். பிடிக்கலாம், நாங்கள் வாங்கியிருக்கிற சாஃப்ட்வேருக்கு அது புரியாது, அதற்குப் பாதைதான் புரியும், இன்னாருக்குள் இன்னார் என்று சொன்னால்தான் திரும்பிப் பார்க்கும். ஊரும் அப்படித்தான். எனக்கு விவாகரத்து ஆன தீர்ப்பு பீரோவில் இருக்கிறது, ஆதம்பாக்கம் ஃப்ளாட்டில் கீழே பெயர்ப் பலகையில் இன்னும் ஞானசேகரன்தான், வாட்ச்மேன் என்னை ஞானசேகரன் மேடம் என்கிறார், ஆதார் அட்டையில் அவர் மனைவி, கேஸ் சிலிண்டர்காரனுக்கு அவர் மனைவி, நிறைமதியின் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் வரைக்கும் மைக்கில் மிஸஸ் ஞானசேகரன் என்று கூப்பிட்டால் நான்தான் எழுந்து போனேன். பாரம் தூக்க வேண்டிய இடத்தில் எல்லாம் அந்தப் பாதை என்னிடம்தான் வந்து நின்றது. மணையில் உட்காருகிற ஒரு நாளைக்கு மட்டும் போரூருக்குப் போகிறது.

மணை. அதுதான் விஷயம், பத்திரிகை இல்லை. பத்திரிகையில் யாரோ அவர்கள்தான் மணையில். தாரை வார்க்கும்போது அப்பா பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைப்பார், பக்கத்தில் நின்று அம்மா செம்பிலிருந்து தண்ணீர் விடுவாள். ஒரு நிமிஷம் ஆகுமா, ஆகாது. அந்தத் தண்ணீரை நான் விட வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம், எனக்குப் பட்டுப்புடவை வேண்டாம், சம்பந்தி மரியாதை வேண்டாம், மேடையில் போட்டோ வேண்டாம், அந்தாள் பக்கத்தில் நிற்பது எனக்கு மட்டும் இனிப்பா, இருந்தாலும் நிற்பேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கொஞ்ச நாள் முன்னால் கோயம்புத்தூரிலிருந்து மாப்பிள்ளை கௌதமனின் அம்மா போன் பண்ணினாள். "ஏனுங்க, மணைல யாருங்க உக்காருவாங்க? தம்பதியா உக்காரணும்னு ஐயர் சொல்றாருங்க, நாங்க ஒண்ணும் சொல்லலீங்க, அப்பறம் எங்க பெரியவங்க யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டுட்டா உங்க புள்ளைக்குத்தானுங்க சங்கடம்." எத்தனை மரியாதை, எத்தனை ங்க. கத்தியைக்கூடப் பட்டுத்துணியில் சுற்றித்தான் கொடுப்பாள். நான் என்ன சொன்னேன், பேசிட்டுச் சொல்றேங்க என்றேன். யாரிடம் பேச? பேச வேண்டியவர்கள் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. நிறைமதியிடம் அன்றைக்கு ராத்திரி சொன்னபோது அவள் நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை, "பாத்துக்கலாம்மா" என்றாள். நான் எழுந்துபோய் மோர் குடித்தேன்.

"தமா, பாத்தீங்களா?" சம்பத் சார். பின்னால் வந்து நின்றால் அவர் போட்டிருக்கிற சென்ட் முதலில் வரும். டைரக்டர், கெட்டவர் இல்லை, அவருக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், அதுதான் அவரிடம் பிரச்சினை. பார்த்தேன் சார், பழைய அம்மாவுக்குப் பண்ணின அசைவு எல்லாம் இவளுக்கு ஓடுது என்றேன். "அதானே நமக்கு வேணும்! மொத்த லைப்ரரியும் அப்படியே ஓடுது பாருங்க, ஒரு எரர் இல்ல. கை மட்டும்தான் கொஞ்சம் ஷார்ட். இவளுக்குக் கை சின்னது இல்லையா, அத நீங்க எட்ட வச்சிட்டீங்கன்னா முடிஞ்சுது. சாயந்திரம் சேனலுக்கு அனுப்பிடலாம்." கை சின்னது என்றால் கையை நீளமாக்கக் கூடாதா சார் என்றேன். "ஐயோ, மாடல் அப்ரூவ் ஆயிடுச்சு தமா, ஆள மாத்த முடியாது, அசைவ மாத்துங்க." போய்விட்டார். சென்ட் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. ஆளை மாற்ற முடியாதாம். மாற்றிவிட்டு வந்து சொல்கிறார் மாற்ற முடியாது என்று. ஃபைசல் காதில் ஹெட்போனோடு என்னைப் பார்க்காத மாதிரி பார்க்கிறான், பாவம், அவனை என்ன சொல்ல, சொன்னதைச் செய்தான். ஏசிக் குளிர் தோள்பட்டையில் இறங்குகிறது. ஃபைல் திறந்துவிட்டது. கூடம், ஜன்னல், குழந்தை நாற்காலியில், ரெட்டைப் பின்னல், தாடையைத் தூக்கிக்கொண்டு தயாராக. அந்தக் குழந்தையை மட்டும் யாரும் புதுசாக்கவில்லை.

ஆக்கவும் முடியாது, அது நிறைமதி. முகம் இல்லை, முகத்தை வரைந்தவன் வேறு, அந்தத் தாடை தூக்கல் அவளுடையது. தொடர் ஆரம்பித்த காலத்தில் அம்மாவுக்கு அசைவு எடுக்கப் பெரிய வசதி ஒன்றும் கிடையாது, யாராவது நடித்து வீடியோ எடுத்து அதைப் பார்த்துப் பார்த்துச் செய்வோம், சமையலறை வாசலில் கேமராவை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்த இவளைப் பிடித்து உட்கார வைத்தேன். அப்பா போய் அப்போதுதான் கொஞ்ச நாள், பேசாமல் திரிந்துகொண்டிருந்தது குழந்தை. நடிக்கிறோம் என்றதும் முகம் மலர்ந்து, ஏதோ ராஜகுமாரி மாதிரி தாடையைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டது. நான் குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துவிட்டு, விரலில் ஒட்டின மிச்சத்தை என் கழுத்தோரம் துடைத்துக்கொண்டேன், அது எனக்குப் பழக்கம், எத்தனை புடவை ஜாக்கெட் அப்படிக் கறையாகியிருக்கிறது. அதையும் விடாமல் அசைவாக எடுத்துவிட்டோம். தொடர் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அம்மா என்றால் பொட்டு வைத்துவிட்டு விரலைக் கழுத்தில் துடைப்பவள். அது என் கை என்று யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை, நிறைமதிக்குத் தெரியும். சின்ன வயதில் டிவி முன்னால் உட்கார்ந்து "அது எங்கம்மா" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் சண்டை போடுவாள், பொம்மை எப்படிடி உங்கம்மா ஆகும் என்று அவர்கள் கத்துவார்கள், இவள் அழுதுகொண்டே உள்ளே வந்து என் கழுத்தைப் பார்ப்பாள், கறை இருக்கிறதா என்று. இப்போது ஓட்டினேன். புது அம்மா காற்றில் பொட்டு வைத்தாள், வைக்காத குங்குமத்தைச் சுடிதார் கழுத்தில் துடைத்துக்கொண்டாள். இவளே ஸ்டிக்கர் பொட்டு, இவளுக்கு எதைத் துடைக்கிறோம் என்றாவது தெரியுமா.

போன் அதிர்ந்தது. நிறைமதி. எடுத்துக்கொண்டு பேன்ட்ரிக்குப் போனேன், டீ மெஷின் பக்கத்தில் யாரும் இல்லை. "ம்மா, பாத்தியா?" பார்த்தேன். "ஓகேன்னு போடலியே, அப்பா வெயிட் பண்றார்." திருமதி ஞானசேகரன்னா யாரு நிறை என்றேன். "ம்மா, ப்ளீஸ். அதுல யார் பேரும் இல்லல்ல? உன் பேர எடுக்கவும் இல்ல, அவங்க பேரப் போடவும் இல்ல. அதுக்குத்தான் அப்படிப் போட்டிருக்கு. பாக்கறவங்க அவங்கவங்க புரிஞ்சுக்கறத புரிஞ்சுக்கட்டும்." மணையில் பாக்கறவங்க எதைப் புரிஞ்சுக்கறது என்றேன். "ஒரு நிமிஷம்மா. ஒரே ஒரு நிமிஷம் தண்ணி விடறது. அதுக்காக எல்லாருக்கும் டென்ஷன். அத்தையும் அதான் சொல்றாங்க." அத்தை என்றால் கோயம்புத்தூர்க்காரி, அதற்குள் அத்தை. சரி, அந்த ஒரு நிமிஷம் நான் விடறேனே, ஒரு நிமிஷம்தானே என்றேன். அவள் அழ ஆரம்பிப்பாள் என்று நினைத்தேன். அழவில்லை. குரலைத் தாழ்த்தி, ஆபீஸில் யாரிடமோ பேசுகிற மாதிரி, "ம்மா, ஷோபனா ஆன்ட்டிக்கு இதெல்லாம் தெரியாதாம், அவங்க வீட்ல பழக்கம் வேறயாம். செம்ப எந்தக் கைல பிடிக்கணும், எப்ப விடணும்னு கேட்டாங்க. நீ கொஞ்சம் சொல்லிடறியா? உனக்குத்தானேம்மா நல்லாத் தெரியும்" என்றாள். டீ மெஷின் உறுமிவிட்டு அடங்கியது. எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால் அந்த நேரத்தில் வரவில்லை. அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிட்டேன்.

சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். வலது கையில் செம்பு, இடது கை அடியில் தாங்கி, ஒரே சீராக, நடுவில் நிறுத்தாமல், இத்தனையும் எங்கே கற்றேன், எனக்கு விட்டபோது எங்கம்மா கை நடுங்கியதைப் பார்த்துக் கற்றேன். தண்ணீர் என் மணிக்கட்டு வழியாக வழிந்து முழங்கை வரைக்கும் ஓடியது, குளிர்ந்தது, அன்றைக்குக் கண்ணீர் வந்ததற்கு அந்தக் குளிர்ச்சிதான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கைக்கு வந்து உட்கார்ந்து அம்மாவின் கையைப் பார்க்கிறேன். எட்ட வைக்க எனக்குத் தெரியும். தோளை ஒரு துளி முன்னால் தள்ள வேண்டும், இடுப்பை இன்னும் குனிய வைக்க வேண்டும், பொம்மைக்கு வலிக்காது. என்னால் செய்ய முடியும், அதுதான் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, இவளால் முடியும் என்று, ஆபீஸில் தெரிந்திருக்கிறது, போரூரில் தெரிந்திருக்கிறது, நான் பெற்றதற்கும் தெரிந்திருக்கிறது. காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடியது யார், கணக்கு வரவில்லை என்று டியூஷன் தேடி அலைந்தது யார், முதல் தடவை பாவாடையில் ரத்தம் பார்த்துப் பயந்தபோது குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே இருந்தது யார். சொல்லிக் காட்டுகிறேன் என்பீர்கள். ஆமாம், சொல்லித்தான் காட்டுகிறேன், வெளியே சொல்ல முடியாது, உள்ளேயாவது சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் அவள் கெட்டவள் இல்லை. அவளுக்குப் பயம். அப்பா ஒரு தடவை எழுந்து போனதைப் பார்த்தவள், கூட்டத்தில் யாராவது முகம் சுளித்தால் கௌதமனும் எழுந்து போய்விடுவானோ என்று பயம். நான் எங்கேயும் போக மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும், அதனால் என்னை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். பழைய அம்மாவை ஃபைசல் எங்கே போட்டான் என்று தேடினேன். உலகம், அதற்குள் "பழசு" என்று ஒரு குரூப், கண்ணை மூடி வைத்திருக்கிறான், அதாவது திரையில் தெரியாதபடி. திறந்து பார்த்தேன். வீட்டுக்கு வெளியே, வேப்பமரத்துக்கும் அந்தாண்டை, தரையில்லாத இடத்தில் நிற்கிறாள். எந்த அசைவும் வராததால் செய்த அன்றைக்கு எப்படி இருந்தாளோ அப்படியே, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, நேரே பார்த்துக்கொண்டு. யாரும் இல்லை எதிரே. மூடிவிட்டேன்.

மூன்றரை ஆகிவிட்டது. ஓகே என்று போட்டுவிடலாமா. போட்டால் இது முடிந்துவிடும், எல்லாரும் நல்லவர்கள், நானும் பெரிய மனசுக்காரி, கல்யாணத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் என்ன இருந்தாலும் தமயந்தி மாதிரி வருமா என்பார்கள், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம். போடாவிட்டால் சண்டை, நிறைமதி பேச மாட்டாள், கோயம்புத்தூர்க்காரி ங்க போட்டு நாலு பேரிடம் சொல்வாள். என்னை எரிப்பது ஷோபனா இல்லை, அவளை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை சிரித்தாள்கூட. என்னை எரிப்பது அந்த எரர் வராத வரி. எடுத்துவிட்டோம் என்று சொல்ல மாட்டார்கள், வேறு ஆள் என்று சொல்ல மாட்டார்கள், பழைய விலாசத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேலேயே இன்னொருத்தியை நிற்க வைப்பார்கள், கேட்டால் உன் பேரை யார் எடுத்தது என்பார்கள். நான் இத்தனை வருஷம் தூக்கின மிஸஸ் ஞானசேகரன் அது. எனக்கு வேண்டாம், ஆனால் அதற்குள் இன்னொருத்தி சத்தமில்லாமல் ஏறி உட்காரவும் கூடாது. உடையட்டுமே. சிவப்பாக ஒரு வரி விழட்டும், மண்டபத்துக்கு வருகிற அத்தனை பேரும் படிக்கட்டும். போனை எடுத்தேன். குரூப்பில் போடவில்லை, நிறைமதிக்கு மட்டும் அடித்தேன். "திரு & திருமதி வேண்டாம். மணையில் யார் உட்காருகிறார்களோ அவர்கள் பேரைப் போடு. ஷோபனா என்றால் ஷோபனா என்று போடு. எனக்கு ஆட்சேபணை இல்லை." அனுப்பிவிட்டேன்.

அனுப்பியதும் மனசு ஏனோ லேசாகிவிட்டது. ஏனோ என்ன ஏனோ, எனக்குத் தெரியும் ஏன் என்று. அவள் போட மாட்டாள். திருமதி என்று மூடி மறைக்கிறவரைக்கும் தைரியம், ஷோபனா என்று எழுத்து எழுத்தாகத் தன் கல்யாணப் பத்திரிகையில் அம்மா இடத்தில் பார்க்கும்போது கை வராது. அந்த வரியைப் பிரஸ்காரனுக்கு டைப் பண்ணி அனுப்ப வேண்டியவள் அவள்தான், டைப் பண்ணும்போது கழுத்தில் குங்குமக் கறை தேடின அந்தக் குழந்தை உள்ளேயிருந்து எழுந்து வரும். நாலடி தள்ளி நின்று நியாயம் பேசுவது வேறு, கையால் செய்வது வேறு. போன் பண்ணுவாள், அழுவாள், ம்மா ஸாரிம்மா என்பாள், நானும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு அப்புறம் விடுவேன். இப்படி நினைத்துக்கொண்டே கையை எட்ட வைக்கும் வேலையை எடுத்தேன். தோளை முன்னால் கொண்டுவந்தேன், இடுப்பைக் குனிய வைத்தேன், மணிக்கட்டைத் திருப்பினேன். நல்ல மனசோடு செய்தால் வேலை தானாக வருகிறது. இந்தப் பெண்ணும்தான் என்ன செய்தாள், யாரோ வரைந்தார்கள், யாரோ கொண்டுவந்து நிறுத்தினார்கள். விரல் நெற்றியைத் தொட்டது. குழந்தை கண்ணை மூடித் திறந்தது. ஃபைசல் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்து, "செம்ம மேடம், இவங்களுக்குன்னே பண்ணின மாதிரி இருக்கு" என்றான். கழுத்தில் துடைப்பதை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டான், சுடிதாருக்கு நன்றாக இல்லையாம். இருக்கட்டும் என்றேன். அதைச் சொல்லிச் சிரிக்கக்கூடச் சிரித்தேன்.

நாலுக்கு இன்னும் இருந்தது, அதற்குள் போன் இரண்டு தடவை அதிர்ந்தது. கூப்பிடவில்லை, படம் அனுப்பியிருக்கிறாள், தனியாக எனக்கு. புதுப் பத்திரிகை. காஞ்சிபுரம் அமரர் வேதாசலம் முதலியார் அவர்களின் பேத்தியும், திரு. ஞானசேகரன் – திருமதி ஷோபனா அவர்களின் மகளுமாகிய. எத்தனை சீக்கிரம். எழுத்தைக்கூடக் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறார்கள், இடம் நிறைய வேண்டும் இல்லையா. படத்துக்குக் கீழே, "தேங்க்ஸ்மா!! எனக்கு எவ்ளோ டென்ஷன் தெரியுமா, நீயே சொன்னதும் அப்பாகூட ஷாக் ஆயிட்டார். உன் பேரும் போடச் சொல்லிட்டேன், கீழ பாரு. இப்ப ஓகேவாம்மா?" என்று இருந்தது, பக்கத்தில் இதயம். கீழே பார்த்தேன். தங்கள் நல்வரவை விரும்பும் என்று போட்டு உற்றார் உறவினர் பேர்கள் பொடி எழுத்தில், அத்தை மாமா, சித்தப்பா வகையறா, கடைசிக்கு முந்தின வரியில் எங்கள் ஃப்ளாட் பத்மினி பாலசந்தர் குடும்பத்தார், அவர்களுக்குப் பக்கத்தில் கே. தமயந்தி. கே என்றால் எங்கப்பா, கல்லூரி வருகைப் பதிவில் இருந்த பேர். முன்னால் யாரும் இல்லை, பின்னால் யாரும் இல்லை, இன்னாரின் மனைவி இல்லை, இன்னாரின் அம்மா இல்லை, வெறும் பேர். இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் இத்தனை வருஷமாக. பத்திரிகை கைக்குப் போகிற வீடுகளில் இந்த கே. தமயந்தி யார் என்று யாராவது கேட்டால், பக்கத்து ஃப்ளாட் போலிருக்கு என்பார்கள். ஓகே என்று டைப் செய்தேன், கட்டைவிரல் படமும் போட்டேன். ஃபைலை மூடும்போது மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது, அதற்கும் சரி என்றேன்.